கல்ச்சரில் வரிசையாக 'ஆர்' வந்தால்: ஃபேஜ், மலைத்தேன், வெள்ளி பற்றி ஒரு பதில்

ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் மட்டும் நான்கு முறை நீர்க்கடுப்பு, நான்கு முறையும் மாத்திரை. போன மாதம் செக்கப்புக்காகக் கொடுத்த சிறுநீர்க் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. இ.எஸ்.பி.எல் பாசிட்டிவ். மருந்துப் பட்டியலில் முக்கால்வாசிக்கு நேரே 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது). "இனிமேல் ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காது என்கிறார்கள். ஜார்ஜியா நாட்டில் வைரஸை வைத்தே குணப்படுத்துகிறார்களாமே, கூட்டிக்கொண்டு போகலாமா? அதுவரை மலைத்தேனும் வெள்ளித் தண்ணீரும் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு லேபில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கல்ச்சர் தட்டுகளைப் பார்க்கிறவன். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, ஃபேஜ் என்பது என்ன, எது வேலை செய்யும், எது வெறும் வாட்ஸ்அப் செய்தி என்று சொல்ல முடியும்.

முதலில் ரிப்போர்ட். நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 18 மருந்து. 13-க்கு 'ஆர்'. மிச்சம் ஐந்துக்கு 'எஸ்' (சென்சிடிவ், மருந்து கேட்கும்): நைட்ரோஃபுரான்டோயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், எர்டாபெனம், மெரோபெனம். 'எதுவும் கேட்காது' என்று யார் சொன்னார்களோ, அவர்கள் கடைசி ஐந்து வரியைப் பார்க்கவில்லை. இ.எஸ்.பி.எல் என்றால் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப் போடும் ஒரு நொதி. அது இருந்தால் அந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் கொத்தாக 'ஆர்' விழும், பட்டியல் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நைட்ரோஃபுரான்டோயின் 1950களிலிருந்து இருக்கும் பழைய மாத்திரை. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு இன்றும் முதல் வரிசையில் வைக்கப்படுவது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அது முக்கியம். ஐந்தில் மூன்று ஊசி மருந்து என்பதும் உண்மைதான். ஆனாலும் வழி அடைபடவில்லை.

அந்த 'ஆர்', 'எஸ்' எப்படி வருகிறது என்று ஒரு முறை நேரில் பார்த்தால் பயம் பாதி குறையும். வைக்கோல் நிறத்தில் ஒரு அகார் தட்டு, கிருமி வளர்வதற்கான கூழ் உறைந்தது. அதன் மேல் அம்மாவின் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் சீராகப் பூசுவோம். பொட்டு அளவில் இருக்கும் மருந்துக் காகித வில்லைகளை அதன் மேல் இடைவெளி விட்டு வைத்து, 35 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவோம். காலையில் திறந்தால் தட்டு முழுக்கச் சாம்பல் படலமாகக் கிருமி. வேலை செய்கிற மருந்தைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் இருக்கும். அந்த வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துதான் எழுத்துப் போடுகிறோம். வட்டமே இல்லாத வில்லைகள் படலத்துக்கு நடுவே கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி: "இப்போது அம்மாவுக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை." அப்படியானால் நீங்கள் எதற்கு மாற்று மருந்து தேடுகிறீர்கள்?

சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, தொற்று நோய் இருப்பது வேறு. வயதான பெண்களில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களில், எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் பாக்டீரியா தங்கியிருப்பது சர்வ சாதாரணம். சர்க்கரை உள்ள பெண்களிடம் இதைச் சிகிச்சை கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட ஆய்வு 2002-லேயே வந்துவிட்டது. மருந்து கொடுத்ததால் சிக்கல்கள் குறையவில்லை, ஆன்டிபயாடிக் செலவுதான் ஏறியது. 2012-ல் இத்தாலியில் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் இளம்பெண்களிடம் பார்த்தபோது இன்னும் ஒரு படி மேலே: தொந்தரவு இல்லாத கிருமியைத் துரத்தித் துரத்திக் கொன்றவர்களுக்குத்தான் மறுபடி நோய் அதிகம் வந்தது. வம்பு செய்யாமல் குடியிருப்பவனைக் காலி செய்தால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று நமக்குத் தெரியாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு. மற்றபடி தொந்தரவு இல்லாதவருக்கு 'செக்கப்புக்காக' யூரின் கல்ச்சர் எடுப்பதே வேண்டாத வேலை. லேப் நடத்துகிற இடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சாம்பிளை ஏற்காட்டில் எடுத்து, பஸ்ஸில் கீழே கொண்டுவந்து கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரப் பயணம், பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தது, லேபில் வரிசையில் நின்றது. நல்ல சூட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கணக்குப்படி மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகலாம். ஒரு மில்லியில் 1 லட்சத்தைத் தாண்டினால் 'பாசிட்டிவ்' என்று வைக்கிற நமக்கு, அந்த லட்சம் அம்மாவின் உடம்பில் வளர்ந்ததா, கைப்பையில் வளர்ந்ததா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் லேபிலேயே ஒரு முறை, மலையிலிருந்து மதியம் வந்த சாம்பிளில் மூன்று வகைக் கிருமி கொழித்திருந்தது. மறுநாள் ஐஸ் வைத்துக் கொண்டுவரச் சொன்னோம். ஒன்றும் வளரவில்லை.

சரி, நிஜமாகவே நோய் வந்து, நிஜமாகவே மருந்து கேட்காத கிருமி என்றால் என்ன இருக்கிறது? உங்கள் ஜார்ஜியா கேள்வி அங்கேதான் பொருந்தும்.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். மனித செல்லைத் தொடாது. குறிப்பிட்ட பாக்டீரியாவின் தோலில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அந்த பாக்டீரியாவின் சாமான்களை வைத்தே அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேல் பிரதி எடுத்துக்கொண்டு, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். 1915-ல் இங்கிலாந்தில் ட்வோர்ட் கண்டார், 1917-ல் பாரிஸில் டெரெல் அதற்குப் பெயர் வைத்தார். அதற்கும் முன்பே, 1896-ல், ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா கிருமி செத்துப்போவதையும், தண்ணீரைக் காய்ச்சிவிட்டால் அந்தச் சக்தி போய்விடுவதையும் எழுதிவைத்தார். காரணம் ஃபேஜாக இருந்திருக்கலாம் என்பது பிற்பாடு வந்த ஊகம். 'கங்கை நீரின் மகிமை' என்று சுற்றும் செய்திகளுக்கு விதை இதுதான். இன்றைய ஆறுகளில் ஃபேஜும் உண்டு, மருந்து கேட்காத கிருமியும் உண்டு.

நம் திருமணிமுத்தாறும் அப்படித்தான். படிக்கிற காலத்தில் அதன் ஓரம் ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீர் எடுத்துவந்து, மிக நுண்ணிய வடிகட்டியில் பாக்டீரியா எல்லாம் தங்கிவிடும்படி வடித்து, அந்தத் தெளிநீரை ஈ.கோலையோடு கலந்து தட்டில் ஊற்றினேன். மறுநாள் காலையில் அந்தச் சாம்பல் படலம் முழுக்க ஓட்டை ஓட்டையாக, கல்லிலிருந்து எடுத்த ரவா தோசை மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஃபேஜ் தொடங்கி வைத்த சாவு. நாற்றம் பிடித்த தண்ணீரில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கு வாயைப் பிளந்தேன், இன்றும் அந்தத் தட்டு கண்ணில் நிற்கிறது.

ஆனால் ஓட்டை விழுந்தால் மருந்து ஆகிவிடாது. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். போகும்போது நச்சு மரபணுவையும் தூக்கிக்கொண்டு போகும். காலரா நச்சே ஒரு ஃபேஜ் சுமந்துவந்த சரக்குதான். மருந்தாக வேண்டுமானால் அதன் மரபணுவை முழுக்கப் படித்து, ஒளிந்துகொள்ளும் ரகத்தைத் தள்ளிவிட்டு, வெடித்த பாக்டீரியாவின் நச்சுக் குப்பையைச் சுத்தம் செய்து, அதன் பிறகுதான் உடம்புக்குள் ஏற்ற முடியும்.

நீங்கள் கேள்விப்பட்டது, ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923-ல் ஜார்ஜ் எலியாவா தொடங்கிய ஃபேஜ் நிலையம். அவரை 1937-ல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது, நிலையம் மட்டும் பிழைத்து இன்றும் ஓடுகிறது. பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜைக் கைவிட்டன, சோவியத் பக்கம் விடவில்லை. மேற்கே மறுபடி பேச்சு கிளம்பியதற்கு ஒரு பெரிய காரணம் டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 2015 கடைசியில் எகிப்து சுற்றுலாவில் நோய்வாய்ப்பட்டார். எந்த மருந்துக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. கோமாவில் கிடந்தார். அவர் மனைவி ஸ்டெஃபானி ஸ்ட்ராத்டி தொற்றுநோயியல் நிபுணர். உலகம் முழுக்க ஆய்வகங்களுக்கு எழுதி, சாக்கடையிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் ஃபேஜ் திரட்டி, 2016 மார்ச்சில் ஏற்றவைத்தார். மனிதர் பிழைத்தார். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று உடம்பெங்கும் பரவிய 15 வயது இங்கிலாந்துப் பெண்ணுக்கு மூன்று ஃபேஜ் கொடுத்துத் தேற்றிய கதை, 2019-ல் வெளியானது. அந்த மூன்றில் ஒன்றை முதலில் கண்டெடுத்தது தென்னாப்பிரிக்காவில், ஒரு அழுகிய கத்தரிக்காயில்.

இந்த மாதிரிக் கதைகள்தான் வாட்ஸ்அப்பில் வரும். தோற்ற கதைகள் வராது. தீக்காயத் தொற்றுக்கு ஐரோப்பாவில் நடத்திய ஃபேகோபர்ன் சோதனையில் ஃபேஜ் சாதாரண வெள்ளி களிம்பிடம் தோற்றது. தயாரித்து வைத்த ஃபேஜ் பாட்டிலிலேயே வலு இழந்து, ஒரு மில்லிக்கு பத்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் நூறு அளவுக்கு இறங்கியிருந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு நேரடியாகத் தேவையானது இன்னொன்று: சிறுநீர்த் தொற்றுக்கு, திபிலிசியிலேயே, புராஸ்டேட் அறுவை முடிந்த ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குள் ஃபேஜ் செலுத்திப் பார்த்த சோதனை. 2021-ல் முடிவு வந்தது. வெறும் திரவத்தால் கழுவியவர்களை விட ஃபேஜ் போட்டவர்கள் மேலாக இல்லை. அங்கே போகலாமா என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போடட்டும்.

நம்பிக்கை இல்லாத துறை என்று சொல்ல வரவில்லை. பெல்ஜியத்தில் 2018 முதல் டாக்டர் சீட்டுக்கு மருந்துக்கடையில் கலந்து கொடுக்கும் மருந்தாக ஃபேஜை அனுமதிக்கிறார்கள். அங்கிருந்து ஒருங்கிணைத்த 100 நோயாளிகளின் கணக்கு 2024-ல் வந்தது. 77 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், 61 சதவீதத்தில் கிருமி போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத கணக்கு என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. கூடவே ஆன்டிபயாடிக் கொடுக்காதவர்களில் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைவு. அதாவது 'ஆன்டிபயாடிக்குக்கு மாற்று' என்ற பெயரே கொஞ்சம் தப்பு. ஃபேஜ் கூட்டாளி. யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு குளத்திலிருந்து எடுத்த ஃபேஜ் இதை அழகாகக் காட்டியது. சூடோமோனாஸ் கிருமி மருந்தை வெளியே இறைத்துத் தள்ள வைத்திருக்கும் பம்பில்தான் அது ஒட்டுகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமென்றால் கிருமி பம்பை மாற்றிக்கொள்ள வேண்டும். பம்பு கெட்டால் பழைய மருந்து மறுபடி வேலை செய்யும். இப்படியும் சாகலாம், அப்படியும் சாகலாம் என்ற நிலையில் கொண்டுபோய் நிறுத்துவது. நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆறாத புண்களுக்கு ஃபேஜ் தடவிச் சிறிய அளவில் ஆய்வு செய்திருக்கிறார்கள். புண், மூட்டு, நுரையீரல் என்று நாட்பட்ட, பிடிவாதமான தொற்றுகளில்தான் இது முதலில் வழக்கத்துக்கு வரும் என்பது என் கணிப்பு. வருடத்துக்கு நான்கு முறை வரும் நீர்க்கடுப்புக்கு இப்போதைக்கு இல்லை.

தேன். நம் மலைத்தேனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தேனில் சர்க்கரைச் செறிவு அதிகம், அமிலத்தன்மை உண்டு, நீர்த்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் சுரக்கும். அதனால் மேல் காயத்தில், ஆழமில்லாத தீக்காயத்தில் உண்மையாகவே உதவும். அதுவும் கதிர்வீச்சில் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். ஏற்காடு அண்ணா பூங்கா பக்கம் பாட்டிலில் வாங்குவதை ஆறாத புண்ணில் ஊற்றக்கூடாது, அதில் பாக்டீரிய வித்துகள் இருக்கலாம். குடித்தால்? வயிற்றில் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். சிறுநீர்ப்பைக்குத் தேனாகப் போய்ச் சேராது. உங்கள் அம்மாவுக்கு அதில் கிடைக்கப்போவது சுகர் ரிப்போர்ட்டில் கூடுதல் எண் மட்டும்.

வெள்ளி. கொலுசு ஊர்க்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன், வெள்ளித் தண்ணீர் வேண்டாம். வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்லும், அதனால்தான் தீக்காயக் களிம்பில் இருக்கிறது. உள்ளே குடித்தால் தோலில் படிந்து நீலம் கலந்த சாம்பல் நிறமாக்கும், அது திரும்பாது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் உருக்குகிற வெள்ளியை யாரும் குடிப்பதில்லை, நாமும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட உங்கள் அம்மாவுக்குப் பயன்படப்போவது, கேட்கச் சுவாரசியமே இல்லாத சில விஷயங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் இருக்கும் நல்ல லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா குறைந்து, அந்த இடத்தை ஈ.கோலை பிடித்துக்கொள்கிறது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அந்தச் சூழலைத் திருப்பி, நீர்க்கடுப்பு மறுபடி வருவதைக் குறைக்கிறது. நம்மூரில் 63 வயது அம்மாவிடம் இதைப் பேச மகனுக்கும் கூச்சம், அம்மாவுக்கும் கூச்சம். அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்களோடு மகளிர் மருத்துவரிடம் அனுப்புங்கள். மெத்தனமின் என்று ஒரு பழைய மாத்திரை உண்டு. அமிலத்தன்மை உள்ள சிறுநீரில் அது உடைந்து ஃபார்மலின் வகைப் பொருளாக மாறிக் கிருமியை அடக்கும். இது ஆன்டிபயாடிக் இல்லை. 2022-ல் பிரிட்டனில் 240 பெண்களிடம் பார்த்தபோது, தினமும் சிறிய அளவு ஆன்டிபயாடிக் எடுப்பதற்கு இது சளைத்ததாக இல்லை. தடுப்பதற்குத்தான், வந்த நோயைத் தீர்ப்பதற்கு இல்லை. சிறுநீரகம், கல்லீரல் பார்த்துக் கொடுக்க வேண்டியது, டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீர். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். வழக்கத்தை விட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்த பெண்களுக்கு வருடத்தில் 1.7 முறையும், வழக்கம் போலக் குடித்தவர்களுக்கு 3.2 முறையும் நீர்க்கடுப்பு வந்தது என்று 2018-ல் ஒரு முறையான சோதனை காட்டியது. அது மாதவிடாய் நிற்காத பெண்களிடம் செய்தது, அம்மாவுக்கு அப்படியே அதே கணக்கு வரும் என்று சொல்ல மாட்டேன். இதயம், சிறுநீரகம் சரியாக இருந்தால் முயற்சி செய்வதில் நஷ்டமில்லை. ஏற்காட்டுக் குளிரில் தாகமே எடுக்காது, எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். கிரான்பெர்ரி ஓரளவு உதவும், டி-மன்னோஸ் பொடி 2024 சோதனையில் பலன் காட்டவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடிக்கட்டும், தண்ணீர் சேர்கிறது என்ற வகையில் நல்லதுதான்.

அம்மா சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுக்கிறார் என்று எழுதவில்லை. பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகள். அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது அதிகம், அதன் எரிச்சலும் நீர்க்கடுப்பு மாதிரியே இருக்கும். போன வருடத்து நான்கில் ஒன்றிரண்டு அதுவாகவும் இருந்திருக்கலாம். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரை அது.

புது ஆன்டிபயாடிக்கே வரவில்லை என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு கூட்டு மருந்தில் இருக்கும் என்மெட்டாசோபாக்டம், நம் சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் கண்டுபிடித்தது. இ.எஸ்.பி.எல் நொதியை முடக்குவதுதான் அதன் வேலை.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம், இதில் எது வந்தாலும் தேனும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம். அன்றைக்கே கீழே இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.

வெறும் எரிச்சல் என்றால், மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவதற்கு முன் சாம்பிள் எடுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த டப்பாவில் பிடிக்க வேண்டும். உடனே ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து முதல் பஸ்ஸில் கொண்டுவாருங்கள். லேபில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "கிருமி வளர்ந்தால் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்." ஃபேஜ் தேடுகிற எந்த ஆய்வகமும், இங்கே காசியாக இருந்தாலும் அங்கே திபிலிசியாக இருந்தாலும், முதலில் கேட்பது ரிப்போர்ட் காகிதத்தை இல்லை, உயிரோடிருக்கும் கிருமியை. அதன் மேல் ஊற்றிப் பார்த்தால்தான் எந்த ஃபேஜ் ஒட்டும் என்று தெரியும். எங்கள் வழக்கம் என்னவென்றால், ரிப்போர்ட் போய் ஒரு வாரத்தில் தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிடுவோம். உங்கள் அம்மாவின் போன மாதத்துத் தட்டும் இந்நேரம் எங்கேயோ அவிந்திருக்கும்.